கணக்கு யாருடைய சொத்து?

கணக்கு என்றால் நம்மவர்களில் பலருக்கு ஒருவிதக் கிலி உண்டு. பத்திரிகையில் எண்கள் அடுக்கிய பட்டியல் ஒன்று தென்பட்டால், அந்தப் பக்கத்தை மெள்ளப் புரட்டிவிட்டுக் கதைப் பக்கத்துக்குப் போய்விடுகிறவர்கள் அநேகர். அவர்கள்மீது நாம் குற்றம் சொல்வதற்கில்லை. நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்களே. ஆனால் 2020-ஆம் வருஷத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. எண்களைக் கண்டால் ஓடியவர்களெல்லாம், காலையில் காப்பி அருந்துவதற்கு முன்னரே எண்களைத் தேடலானார்கள். நம் ஜில்லாவில் நேற்று எத்தனை பேருக்கு நோய் கண்டது? குணமடைந்தவர் எத்தனை பேர்? மாண்டவர் எத்தனை பேர்? கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாட்டிமார்கள்கூடப் பேரப் பிள்ளைகளைக் கேட்டார்கள்.

அந்தக் கோட்டை வரைந்து கொடுத்தவர்கள் யார் என்று அப்போது நாம் கேட்கவில்லை. இப்பொழுதாவது கேட்பது நம் கடமை.

உலகம் முழுவதற்குமான படத்தை முதலில் வரைந்தது அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை. லாரன் கார்ட்னர் என்னும் பேராசிரியையும் அவருடைய மாணாக்கர்களும் 2020 ஜனவரி 22-ஆம் தேதி அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். கறுப்புப் பின்னணியில் செவ்வட்டங்கள் பெருத்துக்கொண்டே வந்த அந்தப் படத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் படத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்கவில்லை. படத்துக்கு ஆதாரமான எண்களையும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார்கள். இந்தச் சேவை 2023 மார்ச் 10-ஆம் தேதிவரையில் நடந்தது.

நமது தேசத்தில் நடந்ததோ இன்னும் வியப்பானது. 2020 மார்ச் மாதத்தில் சில இளைஞர்கள் ஒன்று கூடி, 'கோவிட்19இந்தியா' என்ற வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர், சம்பளம் வாங்கிச் செய்தவர்களும் அல்லர், தொண்டர்கள். மாநில சர்க்கார்கள் அறிக்கைகள் வெளியிட்டன என்பது மெய்தான். ஆனால் அந்த அறிக்கைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை. ஒன்று ஆங்கிலத்தில் வரும், இன்னொன்று ஹிந்தியில் வரும். ஒன்று பட்டியலாக வரும், மற்றொன்று வெறும் புகைப்படமாக வரும். புகைப்படத்திலுள்ள எண்ணைக் கணிப்பொறி பிழையாகப் படிக்கவும் கூடும். மனிதன் கண் விழித்துச் சரிபார்த்துப் பதிய வேண்டும். அதைத்தான் அந்தத் தொண்டர்கள் செய்தார்கள். மந்திரிகளும் அதிகாரிகளும் சமூக வலைத்தளங்களில் வெளியிட்ட செய்திகளையும் சேர்த்துச் சரிபார்த்து, ஜில்லாவாரியாகப் பதிந்து, வரைபடமாகவும் கோடுகளாகவும் அன்றன்றே வெளியிட்டார்கள். மூல எண்களையும் வேலைத்திட்டத்தையும் ஒளிக்காமல் பொதுவில் வைத்தார்கள். 2021 அக்டோபர் 31-ஆம் தேதிவரை இந்தப் பணி நடந்தது. பத்திரிகைகளும் ஆராய்ச்சியாளர்களும் அந்த எண்களைக் கொண்டு எழுதினார்கள்.

இது தேச சேவை இல்லாவிட்டால் வேறு எதுதான் தேச சேவை?

"எண்களைப் பொதுவில் வைப்பதால் என்ன பெரிய லாபம்?" என்று கேட்கிறவர்களுக்குப் பழைய விருத்தாந்தம் ஒன்று உண்டு. 1854-ஆம் வருஷம் லண்டன் நகரில் ஸோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவிற்று. ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் மரணப் பதிவு ஆபீஸுக்குச் சென்று, மாண்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அதிலிருந்த 83 மரணங்களை வீடு வீடாக விசாரித்தார். ஏறக்குறைய எல்லா மரணங்களும் பிராடு தெருக் குழாயடிக்கு அருகிலேயே நிகழ்ந்திருந்தன. அவர் ஊர்ப் பெரியோர்களிடம் எடுத்துரைத்ததன் பேரில், செப்டம்பர் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள்ளேயே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்நோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். இருந்தாலும், பிற்பாடு அவர் பிரசுரித்த படத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரின்மீது சந்தேகம் பிறந்தது. பதிவு ஆபீஸார் அந்தப் பட்டியலைத் தர மறுத்திருந்தால் அந்தப் படம் ஏது?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020-ஆம் வருஷத்தில் மாநகராட்சியின் மரணப் பதிவும் சுகாதார இலாகாவின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வெளிப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் முடிவின்படி, ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. நானூற்று நாற்பத்து நான்கு என்பது நமக்கு ஓர் எண். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துக்கம். இரண்டு பதிவேடுகள் பூட்டிய அலமாரிக்குள் கிடந்திருந்தால் அவற்றை யார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அதன்படி 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் இந்தியாவில் வழக்கத்தைவிட அதிகமாக நிகழ்ந்த மரணங்கள் ஏறக்குறைய 47 லட்சம். நமது சர்க்கார் அறிவித்திருந்த கோவிட் மரணமோ ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்த மதிப்பீட்டு முறையே தவறு என்று நமது சர்க்கார் ஆட்சேபித்தது. இந்த வாக்குவாதத்தில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். ஊர்தோறும் பதிவாகும் மரணக் கணக்கு மாதந்தோறும் அனைவரும் காணும்படி வெளியாகியிருந்தால், நம் தேசத்து மரணங்களை வேறொருவர் ஜெனீவாவில் இருந்துகொண்டு மதிப்பிட வேண்டிய அவசியமே நேர்ந்திராது. தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதிக்கொள்வதும் சுயராஜ்யத்தின் ஓர் அம்சம் அல்லவா?

இன்று இதற்குச் சாதனங்கள் இல்லாமற் போகவில்லை. அணு ஆராய்ச்சிக்குப் பேர்போன ஸெர்ன் நிலையம் 2013-இல் தொடங்கிய 'ஸெனோடோ' என்னும் களஞ்சியத்தில், எந்த ஆராய்ச்சியாளரும் தம் எண்களைக் காசில்லாமல் வைக்கலாம்; மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதற்கு நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்தவர்கள் நடத்தும் 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' தளத்தில், சிசு மரணம் முதல் எழுத்தறிவு வரையில் படங்களாகப் பார்க்கலாம். படத்துக்குரிய எண்களையும் எடுத்துக்கொள்ளலாம். நமது மத்திய சர்க்காரும் 2012-இல் இதற்கென்று ஒரு கொள்கை வகுத்து, பொதுத் தளம் ஒன்றையும் திறந்தது. கதவு திறந்தால் மட்டும் போதாது. சரக்கு புதிதாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படம் அழகாயிருப்பதாலேயே உண்மையாகிவிடாது. மொத்த எண்ணிக்கையைக் கொண்டு ஜில்லாக்களுக்கு வர்ணம் தீட்டினால், ஜனத்தொகை மிகுந்த ஜில்லாதான் எப்போதும் சிவந்து தோன்றும்; லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்ப்பதே நியாயம். பரிசோதனை குறைந்த ஊரில் நோயும் குறைந்ததுபோல் தோன்றும். பொதுவில் வைப்பது என்பதற்காக நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் தெருவில் போடுவதும் தகாது. எண்ணிக்கை ஊராரைச் சேர்ந்தது. பெயர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆகையால், நேயர்கள் இனி ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏறும் கோடோ, வர்ணம் தீட்டிய வரைபடமோ கண்ணில் பட்டால், "இதற்கு மூலமான கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள். மளிகைக் கடைக்காரரிடம் சீட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை அல்ல. அதே சீட்டைத் தேசத்தினிடமும் கேட்க வேண்டியதுதான்.