மலைக்கு ஒரு நியாயமா?

தெருவுக்கு யார் பெயரை வைப்பது என்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தொண்டை வறள வாதாடுகிறோம். உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தை மட்டும் கூசாமல் 'எவரெஸ்ட்' என்கிறோம்!

இந்த அநியாயத்துக்கு வித்து விழுந்தது நம் பரங்கிமலை அடிவாரத்தில்தான். 1802-ல் அங்கேதான் லாம்டன் துரை சங்கிலி போட்டு நிலம் அளக்கத் தொடங்கினார். அந்த அளவை வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டியது. 'பதினைந்தாம் சிகரம்' என்று ஏட்டில் கிடந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. பெயர் கிடைத்ததோ, 1843-லேயே ஓய்வு பெற்றுப் போன ஜார்ஜ் எவரெஸ்டுக்கு!

உள்ளூர்ப் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி, 1856-ல் அதைச் சூட்டியவர் அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வா. நேபாளத்துக்குள் நுழைய அனுமதியின்றி, நூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தவருக்கு எப்படிக் கிடைக்கும்? திபெத்தியர் நாவில் 'சோமோலுங்மா' வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. 1953-ல் ஹிலாரியோடு உச்சியில் நின்ற டென்சிங், பிள்ளைப் பருவத்தில் அறிந்த பெயரும் அதுவே. எவரெஸ்டே, தம் பெயர் இந்நாட்டார் வாயில் நுழையாது என்று ஆட்சேபித்தார்.

"வழக்கமாகிவிட்டதே!" என்பீர்கள். மதராஸும் வழக்கமாகத்தான் இருந்தது. 1996-ல் சென்னை ஆகவில்லையா? ஊருக்கு ஒரு நியாயம், வாயில்லா மலைக்கு ஒரு நியாயமா?