புலிச் சின்னமும் போலிச் சின்னமும்

முத்தைப் பல்லில் உரசிப் பார்க்கும் வித்தையைத் தூத்துக்குடிவாசிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும், நறநறத்தால் முத்து, வழுக்கினால் கண்ணாடி மணி என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இவ்வூரில் உண்டு. பழைய பட்டாளச் சின்னங்களை வாங்குவோருக்கும் அந்தச் சோதனைப் புத்தி அவசியம் என்பதைச் சென்ற வாரம் கண்டோம்.

நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன் துணிச் சின்னம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். மூவர்ணக் கேடயம், நடுவே பாயும் புலி, மேலே 'சுதந்திர இந்தியா' என்று பொருள்படும் ஜெர்மன் எழுத்துக்கள். மலேயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர் ஒருவர் அணிந்தது என்று சொல்லி யாரோ ஒரு வியாபாரி விற்றாராம். ஆறு மாதச் சேமிப்பு அதில் கரைந்திருந்தது. ஜனவரி 23-ஆம் தேதி நேதாஜியின் படத்தின் கீழ் அதை வைக்கவேண்டும் என்பது பையனின் ஆசை.

சின்னத்தைப் பார்க்குமுன்பே கதையில் ஓட்டை தெரிந்தது. அந்தக் கேடயம் ஜெர்மனியில் அமைந்த படைக்கு உரியது. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள். நேதாஜி 1943 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். மலேயாத் தமிழர்கள் சேர்ந்தது அங்கேயிருந்த இந்திய தேசிய ராணுவத்தில். அவர்கள் சட்டையில் ஜெர்மன் எழுத்து ஏன் வரவேண்டும்?

பிறகு துணியைப் பார்த்தோம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. வெண்மை கூட்டும் ஒளிர்வுச் சாயங்கள் பரவலாகப் புழங்கியது யுத்தத்திற்குப் பின்புதான். ஆனால் இக்காலச் சோப்புத்தூளில் துவைத்த பழந்துணியும் ஒளிரக்கூடும். ஆகவே இந்த ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. பின்புறத்தில் தொங்கிய நூலிழை ஒன்றைக் கொளுத்தினோம். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இதுவோ சுருண்டு உருகி, கடினமான மணியாயிற்று. பாலியெஸ்டர்! 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, யுத்தம் முடிந்தபின் கடைக்கு வந்த நூல் அது.

மெய்யாகவே அணிந்த சின்னத்தில் ஊசித்துளைகள் இருக்கும். மடித்துத் தைத்த ஓரம் வெயில் படாமல் நிறம் காத்திருக்கும். இதிலோ முன்னும் பின்னும் ஓரமும் ஒரே பழுப்பு. தேயிலைக் கஷாயத்தில் முக்கி எடுத்த முதுமை!

"அப்படியானால் அந்த வீரரும் பொய்தானா, சார்?" என்று பையன் கேட்டபோது நமக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை.

வீரர்கள் பொய்யல்லர். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அப்படையில் சேர்ந்தார்கள். 1944-இல் பர்மா எல்லைக்குப் போன அந்த ராணுவத்தில் திரும்பாதவர் பலர். அவர்கள் பெயரை வைத்தல்லவா போலி விலைபோகிறது!

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய சின்னம் இருந்தால் அதைத் துவைக்காதீர்கள். அணிந்தவர் யார், எங்கே, எந்த வருஷம் சேர்ந்தார் என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் பேரனுக்கு மெய்யும் போலியும் ஒன்றாகிவிடும்.

ஜனவரி 23-ஆம் தேதி அந்தப் படத்தின் கீழ் பையன் வெறும் பூ வைக்கப்போகிறானாம். அது போதும்.