விளம்பரத் தாயும் வீட்டுத் தாயும்

முன்னாளில் தொலைக்காட்சியில் வந்த உடனடி உணவு விளம்பரங்களை நினைந்து உருகுவது சிங்கப்பூரில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஐம்பதைக் கடந்தோர் கூடுமிடங்களில் மேகி மீயின் விளம்பரப் பாட்டை ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்கின்றார். தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோர், 1983இல் இந்தியாவில் அறிமுகமான ‘இரண்டு நிமிட’ நூடுல்ஸின் விளம்பரத்தை அதே கனிவோடு நினைவுகூர்கின்றனர். பழைய நினைவு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பெற்றோரைக் கேட்டு வரும் மாணவரும் அவ்விளம்பரத்தையே மரபுச் செல்வமாக எழுதிவைக்கின்றனர். ஆசிரியரும் புன்னகையோடு மதிப்பெண் இடுகின்றார். இதில் ஓர் அநீதி நிகழ்கிறது என்பதை அவர் கருதிப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. விளம்பரங்கள் மறு ஆண்டே வந்தன. 1974இல் வண்ணமும் சேர்ந்தது. அதே காலத்தில் நாட்டில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் இங்கே தொழிற்சாலைகளை நிறுவின. ஆயிரக்கணக்கான பெண்கள் முறைமாற்று வேலைக்குச் சென்றனர். நள்ளிரவில் வீடு திரும்பியோர் உண்டு. விடியுமுன் பேருந்துக்கு நின்றோரும் உண்டு. அத்தகைய பெண்ணுக்கு விரைவில் வெந்துவிடும் மீ பெருந்துணையாக இருந்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் விளம்பரத்தில் வந்த தாய் யார்? கலையாத கூந்தலோடு, பிள்ளை பசி என்றதும் அடுப்படியில் ஆயத்தமாக நின்று சிரிப்பவள். நேரமின்மைக்கு மருந்து விற்ற விளம்பரம், நேரமில்லாதவளைக் காட்டவேயில்லை! (தண்ணீர் கொதிக்கும் நேரத்தை அந்த இரண்டு நிமிடத்தில் சேர்ப்பதில்லை என்பதை வீட்டுத் தாய் நன்கறிவாள்.)

இவ்வுணவின் பிறப்பை அறிந்தோர்க்கு இம்மறைப்பு இன்னும் வியப்பளிக்கும். சுவிட்சர்லாந்தின் மாவு ஆலை உரிமையாளர் ஜூலியஸ் மேகி 1880களில் பருப்பு மாவும் சூப் மாவும் செய்யத் தொடங்கியதே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகத்தான். வேலைக்குச் செல்லும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, பிள்ளைகள் சத்தின்றி வாடுகின்றனர் என்பதே அன்றைய கவலை. பின்னாளில் புகழ்பெற்ற ஜெர்மானிய நாடகாசிரியர் பிராங்க் வெடகிண்ட், இளமையில் அந்நிறுவனத்துக்கு விளம்பர வாசகம் எழுதினார் என்பது இலக்கிய ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி. எழுத்துத் திறன் அன்றே விலைக்குச் சென்றது. தொழிலாளிப் பெண்ணுக்கெனப் பிறந்த உணவு திரைக்கு வந்தபோது, அப்பெண் மட்டும் திரையில் இல்லை.

‘விளையாட்டான நினைவுதானே, இதில் என்ன கேடு?’ என்று கேட்போர் உண்டு. அவர்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். கஃப் சாலையில் மசாலா அரைக்கும் ஆலை இருந்தது. வறுத்த மிளகாயும் மல்லியும் அங்கே கொண்டுபோய் அரைத்து வாங்கியதால் அம்மிக்கல்லின் பாடு எத்தனை வீடுகளில் குறைந்தது! இன்று தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளில் தோசை மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. இவையும் உழைப்பைக் குறைத்தவையே, சுவையிலும் மேலானவை. இவற்றை நினைந்து எவர் உருகுகின்றார்? இவற்றுக்குத் தொலைக்காட்சியில் பாட்டில்லை. ஆகவே உருகுவோர் நெஞ்சில் நிற்பது உணவன்று. நாள்தோறும் காதில் ஓதப்பட்ட ஓசையே. குடும்பமாக ஒரே பெட்டிமுன் அமர்ந்த மாலைப்பொழுதின் இனிமையும் அவ்வோசையோடு ஒட்டிக்கொண்டது. அந்த மாலையை நிறுவனம் படைக்கவில்லை. அதற்குப் பெயர் மட்டும் சூட்டிக்கொண்டது.

விளம்பர வாசகத்தைத் தமிழ் வகுப்பிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. சுருங்கச் சொல்லலும் எதுகையும் அதில் உண்டு. மாணவர் அவற்றைப் பிரித்துப் பார்க்கட்டும். பின்னர் அதில் சொல்லாமல் விட்டது யாது என்றும் தேடட்டும். அந்தத் தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்பட்டாள், திரும்பி வந்து எதனை உண்டாள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரும் மாணவனுக்கு ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் வழங்கலாம். விடை சொல்லக்கூடிய பாட்டிமார் பலருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.