ஜப்பானியத்துக்கு மாறும் போன் தமிழுக்கு மாறாதா?

அனிமே பார்த்து ஜப்பானிய மொழியில் ஆசை வந்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். எல்லாரும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள்தான். சிலர் போனின் மொழியையே ஜப்பானியத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். நல்ல வழி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே போனைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

"போனில் இருக்கிறது செயற்கைத் தமிழ். 'அமைப்புகள்' என்று எங்கட வீட்டில ஆர் சொல்லுறது?" என்று கேட்கிறார்கள். ஒருவரும் சொல்வதில்லை, உண்மைதான். ஜப்பானியப் போனில் அந்த இடத்தில் 'செத்தேய்' என்று இருக்கும். அதை மட்டும் கேள்வி கேட்காமல் பாடமாக்குகிறீர்களே?

வீட்டுத் தமிழ் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அம்மம்மாவோடு கதைக்கிறீர்கள், அவர் பேசினால் விளங்குகிறது. இல்லாதது வாசிப்பு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்துகள், வகுப்பை விட்ட பிறகு கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாத எழுத்து மறந்துபோகும்.

போன் இதற்கு ஏன் பொருத்தம்? எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். ஆகவே பொருள் தெரிந்த சொல்லைத்தான் வாசிக்கிறீர்கள், அகராதி தேவையில்லை. அனுப்பு, தேடு, சேமி, நீக்கு: பொத்தான்களில் இருப்பவை பெரும்பாலும் வினையடிகள். 'அனுப்பு' தெரிந்தால் அனுப்பினேன், அனுப்புவேன், அனுப்பாதே எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும். போன் முழுத் தமிழையும் கற்பிக்காது. ஆனால் எழுத்தைத் தினமும் கண்முன் நிறுத்தும்.

வசதி இல்லை என்ற சாட்டும் எடுபடாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே அன்ட்ரொய்டில் தமிழ் இருக்கிறது. 2022இல் வந்த 13ஆம் பதிப்பில், ஒரு செயலியை மட்டும் தனியாக மாற்றவும் வழி வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் தமிழ் விசைப்பலகையிலிருந்து தொடங்கலாம். மாற்றுவதற்கு முன் மொழி மாற்றும் இடத்தை ஞாபகம் வைத்திருங்கள், அவசரத்தில் திரும்பி வர உதவும்.

எங்கள் சமூகம் தமிழுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 லட்சம் டொலர் திரட்டினோம். ஒவ்வொரு ஜனவரியும் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடுகிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம்.

ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி இலவசமாகத் தரும் 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005 முதல் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் அதே போனில் அது திறக்கும். திறந்தால் வாசிக்கத் தெரியவேண்டாமா? எரிந்ததற்கு அழுகிறோம், மிஞ்சியதை வாசிக்க ஆளில்லை. அப்படியானால் எரித்தவர்கள் விட்ட மிச்சத்தை நாங்களே முடித்துவைக்கிறோம்.

ஜப்பானியமும் படியுங்கள். ஆனால் ஒரு மாதம் போனைத் தமிழில் வைத்திருங்கள். முதல் சில நாட்கள் எரிச்சல் வரும். ஜப்பானியத்துக்காக அந்த எரிச்சலைப் பொறுத்தவர்கள்தானே நீங்கள்.