பழி ஓரிடம், புழு ஓரிடம்

2013, மார்ச் கடைசி. ஆபீசில் கணக்கு முடிக்கிற அவசரம். காலையில் என் பென் டிரைவைச் செருகினேன். 'ஸ்டேட்மென்ட்', 'சம்பளம்', 'பாப்பா போட்டோ' எல்லா ஃபோல்டரும் பத்திரம். ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஒரு அம்புக்குறி. க்ளிக் பண்ணினேன், திறந்தது. திறந்தால் போதாதா? அம்பு இருந்தால் என்ன, வில் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். ஸ்டேட்மென்ட் காப்பி கேட்டவர்களுக்கெல்லாம் அதே பென் டிரைவைத் தாராளமாகக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் ஐந்து மிஷினில் செருகின பென் டிரைவ்களிலும் அம்பு மழை! ஆன்ட்டி வைரஸ் சந்தா ஜனவரியிலேயே காலாவதி.

"யார் வேலைய்யா இது?" என்றார் மேனேஜர்.

எல்லார் பார்வையும் டேட்டா என்ட்ரிக்கு வந்திருந்த கான்ட்ராக்ட் பையன் மேல் திரும்பியது. அவன்தான் பென் டிரைவில் சினிமா கொண்டுவருகிறவன்.

"நான் இல்ல சார்..."

"ஏஜென்சிக்கு போன் போட்டு வேற ஆள் அனுப்பச் சொல்லுங்க!"

நானும் தலையை ஆட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

ஹெட் கிளார்க், "எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை. பையன் பதறிவிட்டான்.

"வேணாம் சார். உங்க ஃபைல் எங்கேயும் போகலை, ஒளிச்சு வெச்சிருக்கு. போறதுக்கு முன்னாடி எடுத்துக் கொடுத்துட்டுப் போறேன்."

வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் உட்கார்ந்தான். வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு போகும். இது புழு, தன்னையே காப்பி எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடும் என்றான். பென் டிரைவில் ஏறினதும் நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட் வைக்கும். அதன் அடையாளம்தான் அந்த அம்பு. க்ளிக் பண்ணினால் முதலில் புழு ஓடும். பிறகு நிஜ ஃபோல்டரையும் மரியாதையாகத் திறந்துவிடும். சந்தேகமே வராது. கும்பிடு போட்டுக்கொண்டே பாக்கெட்டில் கை விடுகிற ஜாதி!

முதலில் நெட்வொர்க் ஒயர்களைப் பிடுங்கினான். எல்லார் பென் டிரைவையும் மேஜையில் வைக்கச் சொன்னான்.

"மிஷினை முதல்ல சுத்தம் பண்ணணும் சார், பென் டிரைவ் அப்புறம். குழாயை மூடாம தரையைத் துடைச்சா என்ன பிரயோஜனம்?"

டாஸ்க் மேனேஜரில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' ஓடிக்கொண்டிருந்தது. அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை; புழு அதைக் கூலிக்கு வைத்திருந்தது. அதனால் அழிக்கவில்லை, நிறுத்தினான். ஸ்டார்ட்அப் பட்டியலில் புழுவின் பெயரை எடுத்தான். அது காட்டிய இடத்திலிருந்த புழு ஃபைலை டெலீட் செய்தான்.

பிறகு பென் டிரைவ்கள். எதையும் டபுள் க்ளிக் பண்ணாமல், கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்ற பழைய டாஸ் கட்டளை. மைனஸ் ஹெச், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. பெரிய ஆபரேஷன் ஒன்றுமில்லை, 'ஒளிந்திரு' என்று புழு ஒட்டின சீட்டைக் கிழிப்பது, அவ்வளவுதான். பாப்பா போட்டோ எட்டிப் பார்த்தது. போலி ஷார்ட்கட்களையும் புழுவையும் அழித்தால் முடிந்தது. கடைசியாக, சந்தா புதுப்பித்து முழு ஸ்கேன்.

அழிப்பதற்கு முன் ஒவ்வொரு பென் டிரைவிலும் புழு வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தான். அவனுடையதில் அன்று காலை 11.15. என்னுடையதில் முந்தின நாள் சாயங்காலம் 6.40!

என் முகத்தைப் பார்த்தான். ரகசியமாக, "நேத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனீங்களா சார்?" என்றான்.

போயிருந்தேன். பாப்பாவின் ஸ்கூல் ஃபாரம் பிரிண்ட் எடுக்க.

அவன் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம். நிஜமாகவே பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். அதற்குள் ஹெட் கிளார்க் போனை எடுத்து ஏஜென்சி நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார். எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், கொண்டுவந்தது நான்தான்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கௌரவத்துக்காக, "2008-ல அமெரிக்க ராணுவ கம்ப்யூட்டர்லயே பென் டிரைவ் புழு பூந்துடுச்சு சார். அந்த நவம்பர்ல பென் டிரைவுக்கே தடை போட்டாங்க" என்றேன்.

"நல்ல யோசனை. நாளையிலேர்ந்து உங்க பென் டிரைவுக்குத் தடை" என்றார் மேனேஜர். போன் வைக்கப்பட்டது. பையன் தங்கினான்.

பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடுகிற ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரி அப்டேட்டில் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்த ஆரம்பித்தது. ஆனால் இந்த மாதிரிப் புழுவுக்கு ஆட்டோரன் எதற்கு? என் விரல் போதுமே!

சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"காலையிலேர்ந்து நாலு பேர் வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க சார். எடுத்துத் தரத்தான் ஆளில்லை" என்றார் பாவமாக.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணியில் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்கு மட்டும் ஜெராக்ஸ் இலவசம்.

நான் காசு கொடுத்துத்தான் எடுத்தேன்.