வெளிநாட்டில் சிக்கினால் இந்தியத் தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது? பிலிப்பைன்ஸ் கற்றுத்தரும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் இருந்து ஒருவர் சார்ஜாவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கையில் கொடுத்தது டூரிஸ்ட் விசா. "அங்க போய் மாத்திக்கலாம்ணே" என்கிறார். திருச்சியில் விமானம் ஏறியாச்சு. மூன்று மாதம் கழித்து சம்பளம் வரவில்லை, விசா முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் முதலாளி கையில். ஊரில் இருக்கும் மனைவி யாரிடம் போய்க் கேட்பது?

எல்லோரும் சொல்லும் பதில், "எம்பசிக்குப் போகச் சொல்லு". சரி, போனால் என்ன நடக்கும்?

முதலில் எந்த அலுவலகம்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தியாவுக்கு இரண்டு அலுவலகங்கள். தூதரகம் அபுதாபியில் இருக்கிறது. துபாயில் இருப்பது துணைத் தூதரகம், அதாவது கான்சுலேட். துபாய், சார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய ஆறு எமிரேட்டில் இருப்பவர்களும் போக வேண்டியது துபாய்க்குத்தான். அமீரகத்தில் இந்தியர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அரசாங்கங்களுக்கு இடையிலான விவகாரங்களைத் தூதரகம் பார்க்கும். பாஸ்போர்ட், பிறப்பு, இறப்பு, சிறை, சம்பளப் புகார் எல்லாம் கான்சுலர் வேலை.

துபாயில் 24 மணி நேரமும் இயங்கும் உதவி மையம் உண்டு. அமீரகத்துக்குள் இருந்து 800 46342 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். ஊரில் இருக்கும் குடும்பம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். 2015-ல் தொடங்கிய இந்தத் தளத்தில், புகார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்ன செய்ய முடியும்?

பாஸ்போர்ட் இல்லாதவருக்கு ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். வளைகுடாவில் நம்மவர்கள் இதை 'அவுட்பாஸ்' என்பார்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொது மன்னிப்பு அறிவித்தபோது, விசா முடிந்து தங்கியிருந்த பலர் இந்தச் சான்றிதழோடுதான் அபராதம் கட்டாமல் வெளியே வந்தார்கள்.

இன்னொன்று, இந்திய சமூக நல நிதி. 2009-ல் தொடங்கி, பிறகு எல்லா இந்தியத் தூதரகங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட், அவசர சிகிச்சை, வக்கீல் செலவு, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு இதிலிருந்து எடுக்கலாம். பெரும்பகுதிப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகும் நம்மவர்களிடம் ஒவ்வொரு சேவைக்கும் சேர்த்து வாங்கும் சிறு கட்டணத்தில் இருந்துதான். ஆனால் வசதியில்லாதவருக்கு மட்டுமே கிடைக்கும். தகுதி இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் அங்குள்ள அதிகாரி. இது கேட்டதும் கிடைக்கும் உரிமை இல்லை, பார்த்துக் கொடுக்கும் உதவி.

2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தபோது இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கின. இரண்டே நாளில், ஜூன் 14 அன்று, விமானப்படை விமானத்தில் 45 இந்தியர்களின் உடல்கள் கொச்சி வந்தன. அதில் 7 பேர் தமிழர்கள். கொச்சியில் இருந்து ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தது தமிழ்நாடு அரசு. செய்தியாகாமல் ஒற்றை ஆளாக லேபர் கேம்பில் இறப்பவருக்கு இந்த வேகம் கிடைப்பதில்லை. மருத்துவமனைச் சான்று, போலீஸ் அனுமதி, கான்சுலேட்டில் இறப்புப் பதிவு, பாஸ்போர்ட் ரத்து, தடையில்லாச் சான்று, குடும்பத்தின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாக முடிய வேண்டும்.

என்ன செய்ய முடியாது?

முதலாளியிடம் இருந்து சம்பளத்தை வாங்கித் தர கான்சுலேட்டுக்கு அதிகாரம் இல்லை. பேசலாம், கடிதம் எழுதலாம், அந்த நாட்டுத் தொழிலாளர் துறைக்கு அனுப்பி வைக்கலாம். சிறையில் இருந்து வெளியே எடுக்க முடியாது. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு ஒரு உரிமையைத் தருகிறது: கைதாகும் வெளிநாட்டவர் கேட்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும், அதிகாரிகள் வந்து பார்க்க விட வேண்டும். பார்க்கலாம், வக்கீல் வைக்கலாம். அவ்வளவுதான்.

இங்கேதான் அந்த டூரிஸ்ட் விசா கழுத்தைப் பிடிக்கிறது. 10-ம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு போனால் ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ ரூ.10 லட்சம் தரும் காப்பீடும் சேரும். இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியம் வரி நீங்கலாக ரூ.275. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம், வரி நீங்கலாக, அதிகபட்சம் ரூ.30,000. டூரிஸ்ட் விசாவில் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. முதலாளி யார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம்கூட இருக்காது. கான்சுலேட் அதிகாரி எதை வைத்துப் பேசுவார்?

100 ஆண்டுக்கு முன்பே தொடங்கிய கதை

தமிழ்க் கூலிகளைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டில் அதிகாரி வைப்பது புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு கண்டியிலும் கோலாலம்பூரிலும் 'இந்திய அரசின் ஏஜென்ட்' அமர்த்தப்பட்டார். தோட்டங்களுக்குப் போய்ப் பார்ப்பது, கூலி, வீடு, ஆஸ்பத்திரி பற்றி ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது அவர் வேலை. கூலியை அவர் நிர்ணயிக்க முடியாது. ஆனால் அவருடைய அறிக்கை டெல்லிக்குப் போகும், 'இனி ஆள் அனுப்ப மாட்டோம்' என்று சொல்லும் அதிகாரம் டெல்லியிடம் இருந்தது. இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-ல் வந்தது. கூலியைக் குறைத்த தகராறில் 1938-ல் மலேயாவுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1939-ல் இலங்கைக்கும் நிறுத்தப்பட்டது.

கண்டியில் இன்றும் இந்திய உதவித் தூதரகம் இருக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தபோது, மலையகத்தில் யார் கையில் இந்திய பாஸ்போர்ட், யார் கையில் இல்லை என்பதுதான் ஒரு குடும்பம் இங்கே வருமா, அங்கேயே நிற்குமா என்பதைத் தீர்மானித்தது.

பிலிப்பைன்ஸ் என்ன செய்தது?

1995 மார்ச் 17. சிங்கப்பூரில் கொலை வழக்கில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். தூதரகம் சரியாக உதவவில்லை என்று நாடே கொதித்தது, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளர் அதிகமுள்ள நாடுகளில் தொழிலாளர் அதிகாரி, நல அதிகாரி, உதவி மையம், வக்கீல் செலவுக்குத் தனி நிதி ஆகியவை சட்டத்திலேயே எழுதப்பட்டன. வேலைக்குப் போகிறவருக்காக ஒப்பந்தத்துக்கு 25 டாலர் வீதம் கட்டி நல அமைப்பில் உறுப்பினராக்கிவிடுகிறார்கள். அதாவது ஆள் விமானம் ஏறும்போதே தூதரகத்திடம் அவர் பெயர் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதற்கென்றே தனி அமைச்சகமும் அமைத்தார்கள்.

அவர்களுக்கும் எல்லை உண்டு. 2018-ல் குவைத்தில் பணிப்பெண் ஒருவரின் உடல் ஃப்ரீசரில் கண்டெடுக்கப்பட்டதும் பிலிப்பைன்ஸ் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தூதரக ஊழியர்களே வீடுகளுக்குப் போய்ப் பெண்களை மீட்கத் தொடங்க, குவைத் தூதரையே வெளியேற்றியது. கடைசியில் மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது: பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக் கூடாது, செல்போன் வைத்திருக்க விட வேண்டும். 1938-ல் மலேயா விஷயத்தில் டெல்லி காட்டிய அதே ஆயுதம்தான் இது.

இப்போது இந்தியாவில் என்ன நடக்கிறது?

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வெளிநாட்டு இடப்பெயர்வு மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. பெயரிலேயே 'நலன்' என்ற சொல் இருக்கிறது. துபாயிலும் ரியாத்திலும் தொழிலாளர் புகாரை மட்டுமே பார்க்கும் ஆட்கள் கூடுதலாக வருவார்களா, நல நிதி உரிமையாகுமா என்பதுதான் தொழிலாளர் பக்கத்துக் கேள்வி.

அதுவரை, போகிறவர் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம், கம்பெனி பெயர், தங்கும் கேம்ப் இருக்கும் இடம், அங்கே போனதும் கிடைக்கும் அடையாள அட்டை (அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி, சவுதியில் இக்காமா) எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட வேண்டும். மதத் தளத்தில் புகார் பதிய உட்காரும்போது முதலில் தேவைப்படுவது பாஸ்போர்ட் எண். பல வீடுகளில் அது யாருக்கும் தெரியாது.