மாம்பழ வாசனை



போன வாரம் சென்னையிலிருந்து அக்கா பேரன் வந்திருந்தான். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனால் கமகமவென்று மாம்பழ வாசனை. இது மாம்பழ சீசனும் இல்லை. பார்த்தால், அவன் கையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று. வேப். "தாத்தா, இது சிகரெட் இல்ல, வெறும் ஆவி. ரொம்ப நாள் இழுத்தா கெடுதல்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல" என்றான். (பெயர் போட மாட்டேன். அவனும் இதைப் படிப்பான்.)

அன்று எனக்குப் பதில் வரவில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அது நீராவி இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின், எல்லாம் சூடாகி வரும் நுண்துளி. தின்பண்டத்தில் சேர்க்கிற வாசனையைத் தினமும் நுரையீரலுக்குள் இழுத்தால் என்னாகும் என்பது வேறு கேள்வி.

"நிரூபிக்கல" என்றானே, அதற்கு வருகிறேன். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டனில் டால், ஹில் என்ற இருவர் 1950இல் காட்டினார்கள். 1951இல் அந்நாட்டு மருத்துவர்களையே பின்தொடர ஆரம்பித்தார்கள். புகைத்தவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்ற 50 ஆண்டுக் கணக்கு 2004இல்தான் வந்தது. இன்றைய மின்சிகரெட் சீனாவில் உருவானதே 2003இல். 8 முதல் 18 வயதுவரை 1 லட்சம் பேரை 10 ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வை பிரிட்டன் அரசு அறிவித்தது 2025இல். கணக்கு இன்னும் போட்டு முடியவில்லை என்றுதான் அர்த்தம். உப்பளத்தில் இறங்கிய முதல் நாளே யாருக்கும் பாதம் வெடிப்பதில்லை, மரக்காணத்துக்காரர்களுக்குத் தெரியாததா?

சிகரெட்டைவிட இதில் நச்சு குறைவு, பெரியவர்கள் சிகரெட்டை விட இது உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மறைக்க மாட்டேன். ஆனால் பேரன் சிகரெட்டே தொட்டதில்லை. எதை விடுவதற்கு இது?

2019இல் இந்தியா முழுக்க இதைத் தடை செய்துவிட்டார்கள். பீடி, சிகரெட் மட்டும் பெட்டிக்கடையில் தொங்குகிறது. அது என்ன நியாயமோ! தடை இருப்பதால் அவன் வாங்கியது திருட்டுச் சரக்கு. உள்ளே என்ன என்று யாரும் சோதித்ததில்லை. அமெரிக்காவில் 2019இல் இப்படித்தான் கள்ளச் சந்தையில் வந்த கஞ்சாத் திரவத்தில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்திருந்தது. 2020 பிப்ரவரிக்குள் நுரையீரல் கெட்டு மருத்துவமனைக்குப் போனவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். அதில் இறந்தவர்கள் 68.

எக்கியார்குப்பத்தில் இதை விளக்கவே வேண்டாம். 2023 மே மாதம் சாராயம் என்று நினைத்துத்தான் வாங்கிக் குடித்தார்கள். உள்ளே இருந்தது மெத்தனால். அந்த வாரம் நம் தெருக்கள் கிடந்த கிடப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

பேரன் திங்கட்கிழமை கிளம்பினான். அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனான். டேய், படித்துவிட்டுக் கூப்பிடு. திட்ட மாட்டேன்.